விளையாட்டுக் கருவியில் அலுவலகம்

வணக்கம். என் மடிக்கணினி ஆயுளை முடித்துக்கொண்டுவிட்டது. வீட்டில் ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்று இருக்கிறது; விளையாட நேரமில்லாமல் உறையிலேயே கிடக்கிறது. அதை மானிட்டருடன் இணைத்து அன்றாடக் கணினியாக வைத்துக்கொள்ளச் சொல்கிறார் நண்பர். மொழிபெயர்ப்பு, மின்னஞ்சல், கொஞ்சம் வரவுசெலவுக் கணக்கு, இவைதான் என் வேலை. விளையாட்டுப் பொருளை நம்பிப் பிழைப்பு நடத்தலாமா?
ர.

அன்புள்ள ர.,

தாராளமாக நடத்தலாம். 2022இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட அந்தக் கருவியில் நான்கு கோர் ஏஎம்டி செயலியும் 16 ஜிபி ரேமும் உள்ளன. உங்கள் வேலைக்கு இது மிகை. விளையாட்டு முகப்புக்குப் பின்னால் ஓடுவது லினக்ஸ் வகைகளில் ஒன்றான ஆர்ச் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளம். பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் வரும் பட்டியலில் டெஸ்க்டாப்புக்கு மாறிக்கொள்ளலாம். அணைத்துப் போட்டால் மீண்டும் விளையாட்டு முகப்பில்தான் எழும் என்பதால், வேலை முடிந்ததும் உறங்கவைப்பதே சௌகரியம்.

கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. இயங்குதளம் இருக்கும் பகுதி எதையும் எழுத முடியாதபடி பூட்டப்பட்டிருக்கிறது. லினக்ஸ் தெரிந்த நண்பர்கள் உற்சாகத்தில் பூட்டைத் திறந்து, பேக்மேன் என்ற ஆர்ச் லினக்ஸின் நிறுவல் கருவி வழியாக எதையாவது நிறுவித் தருவார்கள். அன்றைக்கு எல்லாம் அருமையாக ஓடும். அடுத்த புதுப்பிப்பில் அந்தப் பகுதி மொத்தமாக மாற்றப்பட, நண்பரின் கைவண்ணமும் அதோடு போய்விடும். (மொழிபெயர்ப்பை அனுப்ப வேண்டிய நாளாகப் பார்த்துத்தான் போகும்.) எனவே டெஸ்க்டாப்பில் உள்ள டிஸ்கவர் என்ற செயலிக் கடையில், ஃபிளாட்பேக் வடிவில் (இயங்குதளப் பகுதியைத் தொடாமல் தனியாக நிறுவப்படும் வடிவம்) கிடைப்பவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எழுத்துக்கும் கணக்குக்கும் லிப்ரே ஆபீஸ், இணையத்துக்கு ஃபயர்பாக்ஸ், மின்னஞ்சலுக்குத் தண்டர்பேர்ட் மூன்றும் அங்கே உண்டு. அவற்றையும் உங்கள் கோப்புகளையும் புதுப்பிப்பு தொடாது. பூட்டைத் திட்டுகிறவர்கள் பலர். பிழைப்புக்கான கணினியில் நான் அதை வரவேற்பேன். தமிழ் 99 விசைப்பலகையைக் கணினியின் அமைப்புகளிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

உங்கள் வாடிக்கையாளர்கள் மொழிபெயர்ப்பு மென்பொருளான டிராடோஸ் ஸ்டூடியோவில்தான் வேண்டும் என்பார்களா? அது விண்டோஸுக்கானது. அப்படியானால் இந்தத் திட்டத்தை இங்கேயே கைவிட்டுவிடுங்கள்.

டைப்-சி துளை ஒன்றே ஒன்றுதான். மானிட்டர், மின்சாரம், கம்பியுள்ள விசைப்பலகை, மவுஸ் எல்லாம் அதன் வழியாகவே வர வேண்டும். அதற்கு, ஒரு துளையைப் பல துளைகளாகப் பிரித்துத் தரும் ஹப் தேவை; கருவியோடு வந்த 45 வாட் சார்ஜரின் மின்சாரத்தை உள்ளே கடத்தும் ஹப்பாகப் பார்த்து வாங்குங்கள். கடத்தாத ஹப்பை மாட்டினால் வேலை நடுவே பேட்டரி தீர்ந்துவிடும். நாள் முழுக்க மின்இணைப்பிலேயே கிடக்கும் என்பதால், பேட்டரி 80 சதவீதத்துக்கு மேல் ஏறாமல் வரம்பு வைத்துவிடுங்கள். புதிய பதிப்புகளில் அந்த வசதி இருக்கிறது. மானிட்டர் இல்லாமல் சமாளிக்கலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். 7 அங்குலத் திரையில் வரவுசெலவுக் கணக்குப் பார்ப்பது கண்ணுக்குச் செய்யும் துரோகம்.

இவ்வளவும் கருவி ஏற்கெனவே உங்களிடம் இருப்பதால் சொல்வது. மேசை வேலைக்கென்றே புதிதாக வாங்கப்போவதாக எழுதியிருந்தால், கைப்பிடிக்கும் பொத்தான்களுக்கும் எதற்குப் பணம், பேசாமல் மினி பிசி எனப்படும் சிறு மேசைக்கணினி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள் என்றிருப்பேன்.