நிறுத்தி வைத்த காரில் பேட்டரி இறங்கிக்கொண்டே இருந்தால், கரண்டை எது இழுக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நாலைந்து நாள் நின்றால் செல்ஃப் எடுப்பதில்லை, புது பேட்டரி போட்டும் அதே கதை என்று கேட்டிருக்கிறீர்கள். கிருஷ்ணகிரியில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். எங்கள் பக்கம் இந்தப் புகார் அதிகம். வேலை பெங்களூரில், கார் ஊர் வீட்டில். ஞாயிறு ராத்திரி பஸ் ஏறியவர் வெள்ளிக்கிழமை வந்து சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' சத்தம்தான் வரும். உடனே பேட்டரி போய்விட்டது என்று புதுசு வாங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அளந்து பார்க்காமல் பேட்டரிக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

முதலில் பேட்டரியா, வண்டியா என்று பிரியுங்கள். பேட்டரியை முழுசாகச் சார்ஜ் செய்து, சில மணி நேரம் விட்டு வோல்ட் பாருங்கள். 12.6 வோல்ட் பக்கம் இருந்தால் முழு சார்ஜ். 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. இப்போது நெகட்டிவ் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி பாருங்கள். கேபிள் கழற்றியும் இறங்கினால் பேட்டரியே கெட்டது. அப்படியே நின்றால் வண்டிதான் இழுக்கிறது. இஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

வண்டி இழுக்கிறது என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் செருகி, கழற்றிய நெகட்டிவ் கேபிளுக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் நடுவில் மீட்டரைக் கொடுங்கள். அவசரப்படுகிறவர்கள் தவறாக முடிவு கட்டுவது இங்கேதான். இன்றைய கார்களில் உள்ள கம்ப்யூட்டர்கள் பூட்டியவுடன் தூங்குவதில்லை. அரை மணி நேரம் ஆகலாம், சில வண்டிகளில் ஒரு மணி நேரம்கூட. அதுவரை மீட்டர் ஆம்பியர் கணக்கில் காட்டும், பயப்பட வேண்டாம். பியூஸ் பெட்டிக்குப் போக வசதியாகக் கதவைத் திறந்து வைத்து, அதன் பூட்டை மட்டும் ஸ்க்ரூ டிரைவரால் தள்ளி மூடிய நிலைக்குக் கொண்டுவாருங்கள். கதவு மூடியிருப்பதாக வண்டி நினைத்துக்கொள்ளும். ரிமோட் சாவியை வீட்டுக்குள் தள்ளி வையுங்கள். மீட்டர் மாட்டியிருக்கும்போது செல்ஃப் அடிக்கவே கூடாது, மீட்டரின் பியூஸ் போய்விடும். வேலை முடிந்ததும் சிவப்பு வயரை மறக்காமல் வோல்ட் துளைக்கு மாற்றுங்கள். ஆம்பியர் துளையில் விட்டபடி பேட்டரியில் வோல்ட் பார்த்தால் நேராக ஷார்ட்தான்.

வண்டி தூங்கிய பிறகு 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இருந்தால் சாதாரணம். 50 என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர்தான் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய கணக்கு; பேட்டரியின் கொள்ளளவும் இதில்தான்). சின்னக் கார்களில் இருக்கும் 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி அதை வாரக்கணக்கில் தாங்கும்.

காவேரிப்பட்டினத்திலிருந்து வந்த ஒரு செகண்ட் ஹேண்ட் காரில் 180 காட்டியது. ஒரு நாளைக்கு 4.3 ஆம்பியர் ஹவர், ஐந்து நாளில் 21-க்கு மேல்; வெள்ளிக்கிழமை செல்ஃப் எடுக்காததற்கு இந்தக் கணக்கே போதும். பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தபோது மியூசிக் சிஸ்டம் பியூஸில் சட்டென்று இறங்கியது. ஆனால் செட்டைக் கழற்றியும் இழுவை நிற்கவில்லை. அதே வயரில் ஒட்டுப் போட்டு, டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு ஜிபிஎஸ் டிராக்கர் ஒளிந்திருந்தது. முந்தைய ஓனர் காலத்தில் மாட்டியது, இவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதை எடுத்ததும் 30-க்கு வந்துவிட்டது. பியூஸ் ஒரு தெருவைத்தான் காட்டும், வீட்டை நாம்தான் தேட வேண்டும்.

பியூஸைப் பிடுங்கிச் செருகும்போது தூங்கிய கம்ப்யூட்டர் சில நேரம் விழித்துக்கொள்ளும். அதனால் நான் இப்போது பிடுங்குவதில்லை. மீட்டர் முனைகளை வோல்ட் துளைகளுக்கு மாற்றி, பேட்டரி கேபிளை வழக்கம்போல மாட்டி வைத்து, வண்டி தூங்கிய பிறகு பியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளிலும் முனைகளை வைத்து மில்லி வோல்ட் பார்ப்பேன். பூஜ்யம் என்றால் அதில் கரண்ட் ஓடவில்லை. கொஞ்சமாவது காட்டினால் அந்த வழியில் ஏதோ இழுக்கிறது.

என் அனுபவத்தில், கம்பெனி போட்டதைவிட, பிற்பாடு வெளியில் மாட்டியதுதான் பெரும்பாலும் சிக்கும். ஸ்டீரியோவில் மஞ்சள் வயர் எப்போதும் கரண்ட் வருவது, சிவப்பு சாவி போட்டால் மட்டும் வருவது. இரண்டையும் சேர்த்து முறுக்கிவிட்டால் செட் அணையவே அணையாது. டேஷ் கேமராவையும் ஓபிடி துளையில் (மெக்கானிக் ஸ்கேனர் செருகும் இடம்) செருகி மறந்த கருவியையும் பாருங்கள். டிக்கி விளக்கு அணைகிறதா என்று தெரிய, போனில் வீடியோ ஓடவிட்டு உள்ளே வைத்து மூடித் திறந்தால் போதும். 5 வாட் பல்பே கிட்டத்தட்ட 0.4 ஆம்பியர் இழுக்கும். சின்ன பேட்டரியை இரண்டு மூன்று நாளில் படுக்க வைத்துவிடும்.

எந்த பியூஸிலும் சிக்கவில்லையா? ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் ஆல்டர்னேட்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உள்ளே டையோடு (கரண்ட் திரும்பி ஓடாமல் தடுப்பது) போயிருக்கிறது.

குற்றவாளி கிடைத்த பிறகு பேட்டரியை வெளியே கழற்றி மெதுவாகச் சார்ஜ் போடுங்கள். கடைவீதி வரை ஓட்டி வந்தால் நிரம்பாது, காலியாகவே வைத்திருந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து நல்ல பேட்டரியும் கெட்டுப்போகும். குற்றவாளி கிடைக்கும்வரை, வண்டியை நிறுத்திவிட்டு வெளியூர் போகும்போது 10 நம்பர் ஸ்பேனரால் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.