பழைய கொப்பிகளை வீசிப்போடாதீர்கள்

தங்கச்சி, உங்கள் கேள்வியைப் பார்த்தேன். களுவாஞ்சிகுடியிலிருந்து கனடாவுக்கு, ஸ்காபரோவுக்கு வந்து எட்டு மாதம். மகன் மூன்றாம் வகுப்பு. வாசிப்பில் பின்தங்குகிறான், கதிரையில் இருக்கிறானில்லை என்று ரீச்சர் சொல்லியிருக்கிறார். பிள்ளையை வேறு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுவார்களோ என்று கேட்கிறீர்கள்.

அப்படிச் சும்மா தூக்கி அனுப்ப ஏலாது. இந்த ஒன்டாரியோ மாகாணத்தில், பிள்ளைக்குச் சிறப்புக் கல்வி வேண்டுமா என்று பார்க்கிற ஐபிஆர்சி என்றொரு குழு கூடித்தான் அதை முடிவெடுக்கும். பத்து நாளாவது முன்கூட்டி உங்களுக்குக் கடிதம் வரவேண்டும். நீங்களும் போய் இருக்கலாம், துணைக்கு ஓராளைக் கூட்டிக்கொண்டும் போகலாம். சாதாரண வகுப்பிலேயே வைத்து உதவ முடியுமா என்றுதான் முதலில் பார்க்கவேண்டும், அது சட்டம். அதிபருக்கு எழுதி இந்தக் குழுவை நீங்களே கேட்கலாம். 15 நாளில் பதில் தரவேண்டும். ஏடிஎச்டிக்கென்று, அதாவது ஓரிடத்தில் இருக்கவிடாத கவனக் குறைவுக்கென்று, அந்தக் குழு பார்க்கிற சிறப்புத் தேவைப் பட்டியலில் தனி வகை கிடையாது. ஆனாலும் குழு கூடாமலே ஐஇபி, அதாவது பிள்ளைக்கென்ற தனிப் படிப்புத் திட்டம், போட்டுத் தரலாம். கேளுங்கள்.

சரி, நான் விட்ட பிழையைச் சொல்கிறேன். கல்லடியில் படிக்கும்போதே என் மகனுக்கு எழுத்து ஓடாது. கொப்பியில் முதல் மூன்று வரி முத்து முத்தாக இருக்கும், நாலாம் வரியிலிருந்து ஓரமெல்லாம் தோணிப் படம்தான். மட்டக்களப்பை 'மடகளபு' என்று எழுதுவான். புள்ளி எழுத்து ஒன்றும் கண்ணில் படாது. ரீச்சர் சிவப்புப் பேனையால் 'கவனம்' என்று எழுதி எழுதிக் களைத்துப்போனார். குழப்படிக்காரன், வளர்ந்தால் சரியாகும் என்று நாங்களும் விட்டோம்.

மறுகா இங்கே வந்ததும் பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள், தாய்மொழியில் எப்படி வாசிப்பான் என்று. எனக்கு வெட்கம். 'தமிழ் நல்லா வரும், இங்கிலிஸ்தான் புதுசு' என்றேன். அவர்களும் நம்பினார்கள். மொழி புதிது, பழகட்டும் என்று இரண்டு வருடம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அந்த இரண்டு வருடத்தைத் தின்றது என்னுடைய அந்த ஒற்றைப் பொய்.

புதிய மொழியென்றால் ஆங்கிலத்தில் மட்டும்தான் தடுமாறுவான். தமிழிலும் தடுமாறினானென்றால் அது வேறு விசயம், அதைச் சொல்லக்கூடிய ஆள் நீங்கள் மட்டும்தான். ஏன் தடுமாறுகிறான் என்று பார்க்கிற பள்ளிக்கூடச் சோதனைக்கு வரிசை நீளம், தனியாரிடம் போனால் ஆயிரக்கணக்கில் டாலர் போகும். தமிழ்க் கொப்பி கையில் இருந்தால் பேச்சு சுருங்கும். கவனக் குறைவுக்குக் குடும்ப வைத்தியரிடம் தனியாகக் கதையுங்கள், அதற்குப் பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஊரில் அம்மாவிடம் இன்றைக்கே சொல்லுங்கள், அவனுடைய கொப்பிகளை எடுத்து வைத்து, வருகிற ஆட்களிடம் கொடுத்துவிடட்டும். பிந்தினால் கச்சான் சுற்றக் கடைக்குப் போய்விடும்.