வகுப்புக்கு ஓர் அத்தியாயம் பகிர்ந்தது குற்றமா?

கேள்வி: அரசு கலைக் கல்லூரி ஒன்றில் பொருளியல் கற்பிக்கிறேன். நூல்களின் விலை மாணவர்களுக்கு எட்டாததால், தேவையான அத்தியாயங்களை மட்டும் ஸ்கேன் செய்து வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் பகிர்வேன். ஆய்வுக் கட்டுரைகளை, பதிப்பகங்களின் அனுமதியின்றி அவற்றை இலவசமாகத் தரும் சை-ஹப் தளத்தில் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். பதிப்பகம் ஒன்றின் கடிதம் வந்ததும், இனி ஒரு பக்கம்கூடப் பகிரக் கூடாது என்று முதல்வர் வாய்மொழியாகத் தடுத்துவிட்டார். நான் செய்தது தவறா?

பதில்: அன்புள்ள பேராசிரியைக்கு, அத்தியாயங்களைப் பகிர்ந்த விஷயத்தில் சட்டம் பெரும்பாலும் உங்கள் பக்கம் இருக்கிறது, சை-ஹப் விஷயத்தில் இல்லை.

கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுப்பது உரிமை மீறல் ஆகாது என்று 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கூறுகிறது. டெல்லிப் பொருளியல் பள்ளி வளாகத்தில் இருந்த ராமேஷ்வரி என்ற ஜெராக்ஸ் கடை, பாடத்திட்டத்தில் குறிக்கப்பட்ட அத்தியாயங்களைத் தொகுத்து விற்றதற்காக, ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய பதிப்பகங்கள் 2012இல் அக்கடையின் மீதும் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குத் தொடுத்தன. (ஒரு ஜெராக்ஸ் கடைக்கு எதிரே இத்தனை பெரிய பெயர்கள்!) 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். டிசம்பரில் மேல்முறையீட்டை விசாரித்த அமர்வு, எத்தனை பக்கம் என்பதை அல்ல, கற்பித்தலுக்கு அது தேவையா என்பதையே பார்க்க வேண்டும் என்றது. ஆனால் அந்தத் தேவை இருந்ததா, முழு நூலையே படியெடுக்கலாமா என்பவற்றை விசாரணைக்கு விட்டது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டதால் அவ்விசாரணை நடக்கவே இல்லை. ஆகவே, முழு நூலைப் பகிராமல் அத்தியாயத்தோடு நின்றது நல்லதாயிற்று.

அது காகிதத்தைப் பற்றிய வழக்கு என்று முதல்வர் சொல்லக்கூடும். மின்னணு முறையில் சேமிப்பதும் படியெடுப்பதில் அடங்கும் என்று அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் உங்கள் குழுவில் போன ஆண்டு மாணவர்களும் அவர்களுடைய நண்பர்களும் இன்னும் இருப்பார்களானால், அதைக் கற்பித்தல் என்று வாதிடுவது கடினம். முதலில் அவர்களை நீக்குங்கள்.

பொதுப்பணத்தில் நடந்த ஆய்வைப் பொதுப்பணத்திலேயே திரும்ப விலைக்கு வாங்குவது எனக்கும் கசக்கிறது. ஆனாலும் எல்சேவியர் முதலிய பதிப்பகங்கள் 2020இல் தொடுத்த வழக்கில், 2025 ஆகஸ்டில் சை-ஹப்பை முடக்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டுவிட்டது. அந்தத் தளத்துக்கு மாணவர்களை அனுப்பிவிட்டு, கற்பிக்கும் சுதந்திரம் என்று நீங்கள் பேசினால், வலுவான உங்கள் முதல் வாதமும் அதோடு சேர்ந்து கெடும். அரசுக் கல்லூரிகள் ஆய்விதழ்களைப் படிக்க மத்திய அரசே சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 முதல் நடப்பில் இருக்கிறது. உங்கள் கல்லூரி அதில் பதிவு செய்திருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். அதில் கிடைக்காத கட்டுரையை, அதை எழுதியவருக்கே மின்னஞ்சல் எழுதிக் கேட்கலாம். பலர் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள்.

எந்த வாரம், எந்தப் பாடம், எந்த நூலின் எத்தனை பக்கங்கள் என்று ஒரு தாளில் எழுதி முதல்வரிடம் கொடுத்து, அவருடைய தடையையும் எழுத்திலேயே கேளுங்கள். பதிப்பகத்தின் கடிதத்தையும் வாங்கிப் படியுங்கள். எந்த நூல், எந்தப் பக்கங்கள் என்று அதில் குறிப்பிடவில்லையென்றால், அவற்றைக் கேட்டுக் கல்லூரி பதில் எழுதட்டும்.