பைபாஸுக்கு 'ஏஐ ரோபோ' மருத்துவமனையைத் தேட வேண்டுமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 67, சர்க்கரை நோய் உண்டு. ஆஞ்சியோகிராமில் மூன்று ரத்தக் குழாய்களிலும் அடைப்பு இருப்பதாகச் சொல்லி, பைபாஸ் செய்யச் சொல்கிறார்கள். வேறொரு மருத்துவமனை 'ஏஐ ரோபோ இதய அறுவை' என்று விளம்பரம் செய்கிறது. செலவு மிக அதிகம். கடன் வாங்கியாவது அங்கே போகலாமா?

பதில்: அந்த விளம்பரத்தை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

'டா வின்சி' போன்ற ரோபோ தானாக வெட்டுவதும் இல்லை, தைப்பதும் இல்லை. சில அடி தள்ளி உட்கார்ந்திருக்கும் மருத்துவரின் விரலசைவைத்தான் அது நெஞ்சுக்குள் செய்து காட்டுகிறது. நெஞ்செலும்பைப் பிளக்க வேண்டியதில்லை, சீக்கிரம் நடமாடலாம் என்பதெல்லாம் உண்மையான லாபம்தான். ஆனால் அது பெரும்பாலும் முன்பக்கக் குழாய் ஒன்றுக்கு மட்டும் இணைப்புப் போடும்போது. மூன்று குழாய் அடைப்பென்றால், நெஞ்சைத் திறந்து செய்யும் பைபாஸ்தான் இன்றும் பெரும்பாலோருக்குச் செய்யப்படுகிறது.

செயற்கை நுண்ணறிவுக்கு உண்மையில் வேலை இருப்பது வேறு இடங்களில். சிடி ஸ்கேன் படத்திலிருந்தே அடைப்புக்கு அப்பால் ரத்த ஓட்டம் எந்த அளவு மிஞ்சுகிறது என்று கணக்கிடும் மென்பொருளுக்கு அமெரிக்காவின் எஃப்டிஏ 2014இலேயே அனுமதி தந்தது. விடை 0.80 அல்லது அதற்குக் கீழ் என்றால் அந்த அடைப்பைக் கவனிக்க வேண்டும். ஆஞ்சியோகிராமே எடுத்துவிட்டதால் உங்கள் தந்தை அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். அறுவை அரங்கில் இன்னொன்று: மணிக்கட்டுத் தமனியில் செருகிய குழாய் காட்டும் ரத்த அழுத்த அலையைப் படித்து, சராசரி அழுத்தம் 65க்குக் கீழே இறங்கப்போவதைச் சில நிமிடங்கள் முன்பே எச்சரிக்கும் மென்பொருள். நல்ல கருவிதான். ஆனாலும் எந்த மருந்தை எவ்வளவு கொடுப்பது என்பது மயக்க மருந்து நிபுணரின் முடிவு. இதற்காக ஊர் விட்டு ஊர் போக வேண்டியதில்லை.

இப்போதைய மருத்துவரிடமே கேளுங்கள்: 'யூரோஸ்கோர் 2' கணக்கில் இந்த அறுவையால் அப்பாவின் உயிருக்கு உள்ள அபாயம் எத்தனை சதவீதம்? வயது, சிறுநீரகத்தின் நிலை, இதயத்தின் பம்ப் செய்யும் திறன் ஆகியவற்றை வைத்துப் போடும் கணக்கு இது, ஏஐ அல்ல. புதிய ஏஐ கணிப்புகள் இதைவிடப் பிரமாதமாக முந்திவிடவும் இல்லை. அறுவை செய்யப்போகிறவர் ஆண்டுக்கு எத்தனை பைபாஸ் செய்கிறார், இரவில் ஐசியுவில் யார் இருப்பார்கள் என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஒன்று அவசரம். அப்பா குளோபிடோக்ரெல் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா? அறுவைக்குச் சில நாள் முன்பே அதை நிறுத்தச் சொல்வது வழக்கம். தேதியை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.