படம் நல்லா இருக்கா என்று கேட்காதீர்கள்: செங்கோட்டை அண்ணாச்சியின் பதில்கள்

செங்கோட்டையில் இருபது வருஷம் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த பாவத்துக்கு, இந்த ஞாயிறு கேள்விகளுக்கு என்னை உட்கார வைத்துவிட்டார்கள். ஒரே ஒரு வேண்டுகோள். படத்தை வாட்ஸப்பில் அனுப்பினால் டாக்குமெண்டாக அனுப்புங்கள். சும்மா அனுப்பினால் அமுங்கி வருகிறது. மங்கலுக்குக் காரணம் உங்கள் கையா, வாட்ஸப்பா என்று நான் எப்படிச் சொல்ல?

தென்காசி: சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தித் தோட்டத்தில் தங்கையை எடுத்த படம். 300 லைக் வந்தது. ஒரு பெரியவர் மட்டும் 'குழப்பம்' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் பெரியவரைப் பிடித்துக்கொள்ளுங்கள் தம்பி. மஞ்சள் வயலில் மஞ்சள் துப்பட்டா. தங்கையைத் தேட எனக்கே நேரம் பிடித்தது. போதாததற்குப் பூவெல்லாம் முதுகைக் காட்டி நிற்கிறது. மொட்டுதான் சூரியன் போகும் பக்கமெல்லாம் திரும்பும். முற்றிய பூ கிழக்கு பார்த்தே நின்றுவிடும். சாயங்காலம் வயலுக்குக் கிழக்கே நின்று மேற்குப் பக்கமாக எடுங்கள். பூவும் தங்கையும் உங்களைப் பார்ப்பார்கள். பின்னாலிருந்து வரும் வெயிலில் இதழும் தலைமுடி ஓரமும் மினுங்கும். முகம் இருட்டும், போனில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றினால் சரி. இனி 'எப்படி இருக்கு' என்று போடாதீர்கள், 'கண் முதலில் எங்கே போகிறது' என்று கேளுங்கள். லைக் போட்ட 300 பேரில் ஒருவராவது துப்பட்டாவைச் சொன்னாரா?

அப்புறம், வரப்போடு நில்லுங்கள். அது சம்சாரியின் வெள்ளாமை.

கடையநல்லூர்: ஐம்பதாயிரத்துக்குள் எந்த கேமரா வாங்கலாம்?

கையில் இருப்பதில் எடுத்த பத்துப் படத்தை முதலில் காட்டுங்கள்.

புனலூர்: குற்றாலம் அருவி வெள்ளைத் துணி மாதிரி விழுகிறது.

வெளிச்சம் கூடிப்போச்சு. எக்ஸ்போஷரைக் குறைத்து, மேகம் மூடிய காலையில் எடுங்கள். லென்ஸில் சாரல் படிந்திருக்கிறது, துடையுங்கள்.

சுரண்டை: நல்ல கேமரா எது அண்ணாச்சி?

மேலே பாருங்கள்.

ஆரியங்காவு: பதிமூன்று கண்ணறைப் பாலம், பதிமூன்று வளைவுள்ள ரயில் பாலம். வானம் வெளுத்திருந்ததால் அஸ்தமன வானம் ஒன்றை ஒட்டினேன். யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

நீங்கள் ஒட்டிய சூரியன் பாலத்துக்குப் பின்னால் இருக்கிறது. தூண்களின் முன்பக்கமோ பளிச்சென்று இருக்கிறது, நிழல் பின்பக்கமாக விழுகிறது. ஊரில் எத்தனை சூரியன்? 1904-இல் ரயில் வந்த பாதை, 2018-இல் அகலப்பாதையாகியும் அந்தக் கல் வளைவுகள் இன்னும் நிற்கின்றன. அதற்கு வெளுத்த வானமே போதும்.

புளியரை (குறுக்கே): ஸ்டூடியோவில் தாஜ்மகால் படுதா கட்டி எங்களை எடுத்தது யார் அண்ணாச்சி?

நான்தான். நீங்கள் ஆக்ரா போய் வந்ததாக யாராவது நம்பினார்களா?

புளியரை: நெகட்டிவில் பென்சில் வைத்துப் பரு மறைத்தீர்களே, அதை நம்பித்தானே பெண் கொடுத்தார்கள்!

சரி, தோற்றேன். மறைத்தேன், அதற்குக் காசும் வாங்கினேன். ஆனால் அது விற்ற படம். கற்றுக்கொள்ளக் காட்டும் படத்தில் ஒட்டு வேலை இருந்தால் நான் யாரைத் திருத்த? உங்களையா, அந்த வானத்தை எடுத்தவரையா? ஒட்டுங்கள், ஆனால் அசலையும் சேர்த்து அனுப்புங்கள்.

ஆரியங்காவு: அசலை அழித்துவிட்டேனே.

போச்சு. மறுபடி போங்கள். தண்டவாளத்தில் இறங்காதீர்கள், ரயில் ஓடுகிறது.

பாவூர்சத்திரம்: ஒருத்தர் என் படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார். இனிமேல் போடவே வேண்டாம் என்றிருக்கிறது.

நான் முதன்முதலில் பகிர்ந்தது ஒரு கல்யாணப் படம். 'மணப்பெண் தலையில் வாழைத்தார் முளைத்திருக்கிறது' என்று ஒரு பையன் எழுதினான். பந்தல் வாழை, நேர் பின்னால். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, வீட்டுக்காரியிடம்கூட. மூன்றாம் நாள் பழைய ஆல்பங்களை இறக்கிப் புரட்டினேன். எத்தனை பெண்கள், எத்தனை தார்!

வாசுதேவநல்லூர்: கேமரா வாங்கலாம் என்று…

மேலே.