ஜெனரல் ஆகாவிட்டால் என்ன, அம்மா?

விருதுநகர் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்கிறார். மகன் பி.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடம், கையில் என்.சி.சி. சி சான்றிதழ். ராணுவ அதிகாரியாகிக் காலாட்படையிலேயே, ஜவான்களோடேயே இருக்கணும் என்கிறான். தாய்மாமாவோ, "போறதுன்னா ஜெனரலா வரணும், இல்லேன்னா எம்.பி.ஏ. படிக்கட்டும். களத்திலேயே கிடந்தா பதவி உயராது" என்கிறாராம். மகன் பாதியிலேயே நின்றுவிடுவானோ என்று தாய்க்குப் பயம், என்ன செய்யலாம் என்கிறார்.

உங்கள் பயம் புரிகிறது. ஆனால் மாமா பேச்சில் கணக்கு இல்லை. லெப்டினன்ட்டாகச் சேர்பவர் 2 வருடத்தில் கேப்டன், 6-ல் மேஜர், 13-ல் லெப்டினன்ட் கர்னல். இதுவரை சேவைக்காலமும் துறைத் தேர்வுகளும்தான். கர்னல் பதவிக்குத்தான் ராணுவத்தின் தேர்வு வாரியம் உட்கார்ந்து பொறுக்கி எடுக்கும். அங்கே நிறையப் பேர் நின்றுவிடுவார்கள். அதற்காக நிரந்தர அதிகாரியை யாரும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. 54 வயது வரை வேலை உண்டு.

களத்திலேயே கிடந்தால் பதவி போகும் என்பதும் தவறு. கர்னல் வாரியம் முக்கியமாகப் பார்ப்பதே, மேஜராக அவன் ஒரு கம்பெனியை, அதாவது ஒரு படைப்பிரிவை, எப்படி நடத்தினான் என்று மேலதிகாரி எழுதிய ரகசிய அறிக்கையை. நூற்றுச் சொச்சம் பேர், அவர்களுடைய ரோந்து, லீவு, வீட்டுச் சண்டை எல்லாம் அவன் தலையில். கர்னலானால் பட்டாலியன், சுமார் 800 பேர். அதற்கு மேலே போகப் போகக் கோப்பும் கூட்டமும்தான். மேல்பதவிகளுக்குத் தயார்படுத்தும் வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜின் நுழைவுத் தேர்வை எழுதுவதா என்று மேஜராக இருக்கும்போது அவனே முடிவு செய்யட்டும். இன்றைக்கே வீட்டில் சண்டை எதற்கு?

ராணுவ அதிகாரிகளுக்கான யு.பி.எஸ்.சி. எழுத்துத் தேர்வான சி.டி.எஸ். பற்றி ஊரெல்லாம் போர்டு வைத்திருக்கிறார்கள், அதை விடுகிறேன். உங்கள் மகன் கையில் இருப்பதற்கு என்.சி.சி. சிறப்பு நுழைவு என்று ஒரு வழி இருக்கிறது. பட்டத்தில் 50 சதவீதம், சி சான்றிதழில் குறைந்தது பி கிரேடு, வயது 19 முதல் 25, மணமாகாதவர். கடைசி வருடத்திலேயே விண்ணப்பிக்கலாம். யு.பி.எஸ்.சி. எழுத்துத் தேர்வே கிடையாது. மதிப்பெண் பட்டியலில் தேறினால் நேரே எஸ்.எஸ்.பி. என்கிற அதிகாரித் தேர்வு நேர்காணல், 5 நாள். முதல் நாள் மங்கலான ஒரு படத்தை 30 விநாடி காட்டுவார்கள். 4 நிமிடத்தில் கதை எழுதி, குழுவில் பேச வேண்டும். தேறாதவர்கள் அன்றைக்கே ஊர் திரும்பலாம். மிஞ்சியவர்கள் பலகை, கயிறு, டிரம் வைத்துக் கூட்டாகத் தடை தாண்ட வேண்டும். என்.சி.சி. கேம்ப் போன பையனுக்கு இது புதிதாக இருக்காது. அப்புறம் மருத்துவப் பரிசோதனை, சென்னை பரங்கிமலையில் உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் 49 வாரப் பயிற்சி. கட்டணம் இல்லை; பயிற்சிக் காலத்தில் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. காலாட்படையை முதல் விருப்பமாக எழுதித் தரலாம், ஒதுக்குவது ராணுவம்.

பண விஷயத்தில் மழுப்ப மாட்டேன். இது குறுகிய காலப் பணி: 10 வருடம், விரும்பினால் இன்னும் 4. பென்ஷனுக்கு 20 வருடம் வேண்டும். நிரந்தரப் பணிக்குக் கேட்கலாம், கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆகவே முதல் சம்பளத்திலிருந்தே அவன் சேமித்தாக வேண்டும். எஸ்.எஸ்.பி. கோச்சிங்குக்குக் கடன் வாங்காதீர்கள். களப் பணியில் பல இடங்களுக்குக் குடும்பத்தை அழைத்துப் போக முடியாது. பெண் பார்க்கும்போது இதை மறைக்கவும் கூடாது.

எம்.பி.ஏ. 32 வயதிலும் படிக்கலாம், மாமாவிடம் சொல்லுங்கள். இந்த வழி 25-க்கு மேல் கிடையாது. அறிவிப்பு வருடத்துக்கு இரண்டு முறை, ராணுவ ஆட்சேர்ப்பு இணையதளத்தில் வரும், மகனே விண்ணப்பிக்கட்டும்.