டர்போ மாட்டும் முன் ஒரு காற்றுக் கணக்கு

வாசகர் கேள்விகளுக்கு ஒரு டீசல் பம்ப் மெக்கானிக்கின் பதில்கள்

கேள்வி: பழைய பைக் ஃபிரேமில் 406 சிசி ஒற்றை சிலிண்டர் ஜெனரேட்டர் டீசல் எஞ்சினை நானே உட்கார வைத்து ஓட்டிவருகிறேன். ஏர் கூல்டு எஞ்சின், 3,600 சுற்றில் 10 குதிரைத்திறன் என்று தகட்டில் போட்டிருக்கிறது. என்னையும் சேர்த்து எடை 240 கிலோ வரும். சமதளத்தில் மணிக்கு 85 கிலோமீட்டரைத் தாண்ட மறுக்கிறது. 660 சிசி பெட்ரோல் காரிலிருந்து கழற்றிய சின்ன டர்போ ஒன்று கையில் இருக்கிறது. அதை மாட்டினால் 110 தொடுமா?

பதில்: தொடாது. ஆனால் சொந்தக் கையால் டீசல் பைக் கட்டி ஓட்டுகிறவருக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனமில்லை. காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன்.

டர்போவில் ஒரே ஷாஃப்டில் இரண்டு சக்கரங்கள்: புகை சுழற்றும் டர்பைன் ஒரு முனையில், காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் கம்ப்ரசர் மறுமுனையில். முதலில் எஞ்சின் எவ்வளவு காற்று குடிக்கிறது என்று பாருங்கள். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் காற்று இழுக்கும். 3,600 சுற்றில் நிமிடத்துக்கு 1,800 இழுப்பு. சிலிண்டர் முழுதாக நிரம்புவதில்லை, 85 சதவீதம் நிரம்புகிறது என்று வைத்தால் நிமிடத்துக்கு சுமார் 620 லிட்டர். உங்கள் டர்போ பிறந்த 660 சிசி எஞ்சின் 7,000 சுற்று வரை போகும். பூஸ்டை, அதாவது டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தத்தை, சேர்க்காமலே அது சுமார் 2,000 லிட்டர் குடிக்கும். ஆக, அந்த டர்போ பழகிய காற்றில் மூன்றில் ஒரு பங்குகூட நீங்கள் கொடுக்கப்போவதில்லை. டீசல் புகைக்குப் பெட்ரோல் புகை அளவுக்குச் சூடும் கிடையாது. டர்பைனைச் சுழற்றுவது அந்தச் சூடும் அழுத்தமும்தான். சின்ன டர்போக்கள் முழு வேலை செய்யும்போது நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றைத் தாண்டும். உங்கள் புகையில் அது அரைத் தூக்கத்தில்தான் சுற்றும்.

அடுத்த சிக்கல் ஒற்றை சிலிண்டருக்கே உரியது. இன்லெட் வால்வு திறந்திருப்பது மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு. மீதி நேரம் கம்ப்ரசர் சாத்திய கதவைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. தள்ளிய காற்று திரும்பி வந்து சக்கரத்தையே அடிக்கும். இதற்கு மருந்து, கம்ப்ரசருக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஒரு காற்றுத் தொட்டி. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஒற்றை சிலிண்டர் டீசலுக்கு இப்படித் தொட்டி வைத்து ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள். எஞ்சின் கொள்ளளவைப் போலப் பல மடங்கு இருக்க வேண்டும். உங்களுக்கு இரண்டு, மூன்று லிட்டராவது தேவை. டேங்குக்குக் கீழே அந்த இடம் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள்.

இதையெல்லாம் செய்து அரை பார் பூஸ்ட் வந்துவிட்டது என்றே வைப்போம். அரை பார் என்றால் 50 சதவீதம் அதிகக் காற்று என்று பலர் நினைக்கிறார்கள். காற்றை அமுக்கினால் சூடாகும். 30 டிகிரியில் உள்ளே போன காற்று, கம்ப்ரசரின் திறனை 60 சதவீதம் என்று தாராளமாக வைத்தாலும், 90 டிகிரிக்கு மேல் வெளியே வரும். சூடான காற்று மெலிந்த காற்று. கணக்குப் போட்டால் உண்மையில் கூடுவது 25 சதவீதம்தான். அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வைத்து 50 டிகிரிக்கு இறக்கினால் 40 சதவீதம் வரும். ஆனால் பைக்கில் அதை எங்கே தொங்கவிடுவீர்கள்?

இனி வேகம். காற்றைக் கிழிக்கத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் உங்கள் எடையுள்ள பைக்குக்கு 90-ல் சக்கரத்தில் சுமார் 9 குதிரைத்திறன் வேண்டும். 110-க்குப் பதினைந்தரை. செயின், கியர் பாக்ஸ் தின்பதையும் சேர்த்தால் எஞ்சினிலிருந்து 17-க்கு மேல் வர வேண்டும். 10-லிருந்து 17! கூடுதல் காற்று முழுவதற்கும் டீசல் கொடுத்து எரித்தாலும் உங்களுக்குக் கிடைப்பது பன்னிரண்டரை. அது 85-ஐ 92 ஆக்கும், அவ்வளவே. அதற்கும் பின் ஸ்ப்ராக்கெட்டில் பல் குறைக்க வேண்டும். சுற்று மீறாமல் தடுக்கும் கவர்னர் 3,600-ல் பிடித்து வைத்திருக்கும்போது கியர் விகிதம் மாறாமல் வேகம் மாறாது.

கைப்பிடியைத் தாழ்த்தி, குனிந்து உட்கார்ந்து, முன்னால் ஒழுங்கான ஒரு ஃபேரிங் வைத்தால் காற்றுத் தடையில் நாலில் ஒரு பங்கு குறைய வாய்ப்பு உண்டு. அப்படிக் குறைந்தால், ஸ்ப்ராக்கெட்டையும் அதற்கேற்ப மாற்றினால், அதே 10 குதிரைத்திறனில் 93 வரும். பிஸ்டனுக்கு ஒரு டிகிரிகூடச் சூடு ஏறாது. உங்கள் பைக்குக்கு நான் சொல்லும் முதல் வேலை இதுதான். அந்த டர்போவை எண்ணெய் தடவி, வாய்களை அடைத்து, பத்திரமாக எடுத்து வையுங்கள். பெரிய எஞ்சின் அமையும்போது உதவும்.

கேள்வி: என் பைக்கில் 719 சிசி, மூன்று சிலிண்டர், தண்ணீரில் குளிரும் டீசல். சுமார் 20 குதிரைத்திறன். டர்போ மாட்டி முடித்துவிட்டேன், அரை பார் காட்டுகிறது. ஆனால் இழுவையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. டர்போ பழுதா?

பதில்: டர்போ பழுதில்லை. எஞ்சினுக்கு டீசலை அளந்து அனுப்பும் பம்பை நீங்கள் தொடவில்லை.

பம்ப் பெஞ்சில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: சக்தி டீசலில் இருக்கிறது. டர்போ செய்வது, கூடுதல் டீசல் புகையாகிப் போகாமல் எரிய இடம் கொடுப்பது. ஒரு கிலோ டீசல் முழுதாக எரியப் பதினாலரை கிலோ காற்று போதும் என்பது கணக்கு. ஆனால் டீசல் எஞ்சினில் துளியும் காற்றும் சரியாகக் கலக்க நேரம் கிடையாது. அதனால் 18 கிலோவுக்குக் கீழே இறங்கினாலே கரும்புகை கிளம்பும். இப்போது உங்களிடம் காற்று உபரியாக இருக்கிறது, டீசல் பழைய அளவில்தான் போகிறது. புகை குறைந்திருக்கும், சைலன்சர் சூடும் குறைந்திருக்கும். கவனித்தீர்களா?

டீசலைக் கூட்டும் முன், புகையின் சூட்டைக் காட்டும் ஒரு பைரோமீட்டர் வாங்கிப் பொருத்துங்கள். அதன் முனை டர்பைனுக்கு முன்னால், மேனிஃபோல்டுக்குள் இருக்க வேண்டும். டர்பைனைத் தாண்டி வைத்தால் சுமையில் 100 டிகிரிக்கு மேல் குறைத்துக் காட்டி உங்களை ஏமாற்றும். பிறகு பம்பில் அதிகபட்ச டீசல் அளவைத் தீர்மானிக்கும் முழுச்சுமை ஸ்குரூவை எட்டில் ஒரு சுற்று திருப்புங்கள். எந்தப் பக்கம் திருப்பினால் கூடும் என்பதை அந்தப் பம்பின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். முந்தைய நிலையை மார்க் செய்துவிட்டு, நீண்ட ஏற்றம் ஒன்றில் முழுச்சுமையில் ஓட்டி முள்ளைப் பாருங்கள். 700 டிகிரி என் எல்லை. அதைத் தொட்டால் ஸ்குரூவைத் திருப்பி எடுங்கள். அலுமினியம் 660-ல் உருகும். பிஸ்டன் உயிரோடு இருப்பதற்குக் காரணம் அடியில் படும் எண்ணெயும் சிலிண்டர் சுவரும் அதன் சூட்டை இழுத்துக்கொள்வதுதான். டர்போவோடு பிறந்த எஞ்சின்களில் பிஸ்டனின் அடியில் எண்ணெய் பீய்ச்ச ஜெட் வைப்பார்கள். உங்களுடையதில் அது இருக்காது என்றே வைத்து வேலை செய்யுங்கள்.

பூஸ்ட் ஏறும் முன் ஆக்சிலரேட்டரை முழுதாக முறுக்கினால் ஒரு கொத்துக் கரும்புகை வரும். டர்போ எஞ்சினுக்கென்று செய்த பம்பில், பூஸ்ட் வந்த பிறகே டீசலைக் கூட்டும் ஒரு டயாஃப்ரம் இருக்கும். உங்கள் பம்பில் கிடையாது. அதனால் அந்த வேலையை உங்கள் வலது கை செய்ய வேண்டும், மெதுவாக முறுக்குங்கள்.

அரை பாருக்கு மேல் ஆசைப்படாதீர்கள். டீசல் முதலில் பற்றும் சின்ன முன்னறை ஹெட்டில் வைத்த இந்த மாதிரி எஞ்சின்களில் கம்ப்ரஷன் விகிதம் 22, 23 என்று இருக்கும். ஹெட் கேஸ்கெட்டும் போல்டுகளும் ஏற்கெனவே கடினமான வேலையில் இருக்கின்றன. 25, 26 குதிரைத்திறனில் நிறுத்தினால் நெடுநாள் ஓட்டலாம். கவர்னர் சீலை உடைத்து சுற்றைக் கூட்டும் யோசனையை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன்.

கேள்வி: டர்போ மாட்டிய டீசல் எஞ்சின் சாவியைத் திருப்பியும் நிற்காமல் ஓடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மை. இந்தப் பக்கத்தில் இதை மட்டுமாவது எல்லோரும் படிக்க வேண்டும்.

டர்போவின் எண்ணெய் சீல் தேய்ந்தால் எஞ்சின் ஆயில் காற்றுக்குழாயில் கசியும். டீசல் எஞ்சினுக்கு அதுவும் எரிபொருள்தான். நீங்கள் டீசலை நிறுத்தினாலும் அது தன் ஆயிலையே குடித்து ஓடும். கவர்னருக்கு அங்கே வேலையில்லை, சுற்று ஏறிக்கொண்டே போகும், கடைசியில் கனெக்டிங் ராட் வெளியே வரும். பைக்கில் அந்த எஞ்சின் உங்கள் கால்களுக்கு நடுவே இருக்கிறது. எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் அதை அளவுக்கு மேல் ஊற்றி, எஞ்சினின் உள்ஆவியை வெளியேற்றும் பிரீதர் குழாயை ஏர் ஃபில்டரில் விட்டிருந்தாலும் இதே கதை நடக்கும்.

நிறுத்த ஒரே உறுதியான வழி காற்றை அடைப்பது. இன்லெட்டுக்கு மிக அருகில் ஒரு இரும்பு மடல், ஸ்பிரிங்கால் மூடுவது, கைப்பிடியிலிருந்து ஒரு கேபிளால் விடுவிப்பது. இதை வைக்காத பைக்கில் டர்போவை ஸ்டார்ட் செய்யக்கூடாது என்பது என் கட்டாயம். உள்ளங்கையாலோ துணியாலோ அடைக்கப் போகாதீர்கள். துணி உள்ளே போய்விடும், கை கிழியும். கியர் பாக்ஸ் உள்ள பைக்கானால், ஓட்டத்தில் உயர் கியரில் பிரேக்கை இறுக்கிப் பிடித்து கிளட்சை விட்டு அணைக்க முயலலாம். ஆனால் சுற்று முதலில் ஏறும்போதே செய்தால்தான் பலன். ஸ்கூட்டர்போல கியர் பாக்ஸும் கை கிளட்சும் இல்லாத பெல்ட் டிரைவ் வண்டியில் அந்த வழியும் கிடையாது.

கேள்வி: டர்போவுக்கு எண்ணெய் எங்கிருந்து எடுப்பது? சைடு ஸ்டாண்டில் சாய்த்து நிறுத்தினால் டர்போவில் எண்ணெய் தேங்குமா?

பதில்: நல்ல கேள்வி, யாரும் கேட்காத கேள்வி. முதலில் எஞ்சினில் எண்ணெய் அழுத்தம் இருக்கிறதா என்று கேஜ் மாட்டிப் பாருங்கள். சிறு எஞ்சின்கள் சிலவற்றில் பம்பே இருக்காது. கரண்டி போன்ற ஒரு துண்டு எண்ணெயை வாரி இறைத்துக்கொண்டிருக்கும். டர்போவின் புஷ் பேரிங்குக்குச் சுமையில் 2 முதல் 4 பார் வேண்டும். இல்லாவிட்டால் தனியாக ஒரு மின் பம்பும் எண்ணெய்த் தொட்டியும் வைக்க வேண்டும்.

உள்ளே போகும் குழாய் மெலிதாக இருக்கலாம். திரும்பும் குழாய்தான் முக்கியம். எண்ணெய் அங்கே அழுத்தத்தால் வருவதில்லை, தன் எடையால் வழிகிறது, அதுவும் நுரையோடு. உள்விட்டம் 12 மில்லிமீட்டருக்குக் குறையாமல், எங்கும் மேலே வளையாமல், சம்ப்பில் எண்ணெய் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். மட்டத்துக்குக் கீழே சேர்த்தால் எண்ணெய் டர்போவுக்குள்ளேயே நின்று சீல் வழியாகக் கசியும். சீல் போய்விட்டது என்று என்னிடம் வரும் டர்போக்களில் நல்ல சீல் உள்ளவையும் உண்டு. குற்றம் குழாயில் இருக்கும்.

வளைவில் பைக் சாயும்போது பயமில்லை. சாய்வும் வளைவு விசையும் சமமாவதால் எண்ணெய்க்கு ‘கீழ்’ என்பது எப்போதும் பைக்கின் அடிப்பக்கமாகவே இருக்கும். சைடு ஸ்டாண்டில் அந்த விசை இல்லை. டர்போவின் ஷாஃப்ட் குறுக்குவாக்கில் இருந்தால் ஒரு பக்கம் தாழும். 15 டிகிரிக்கு மேல் தாழ்ந்தால் அந்தப் பக்க சீலில் எண்ணெய் நிற்கும். அதனால் ஓட்டி முடித்ததும் ஓரிரு நிமிடம் ஐடிலில் விட்டு, சென்டர் ஸ்டாண்டில் நிமிர்த்தி வைத்தே அணையுங்கள்.

கேள்வி: பழைய டர்போ வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: கம்ப்ரசர் பக்கத்து நட்டை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். கொஞ்சம் ஆடும், அது எண்ணெய்க்கான இடைவெளி. இனி முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளுங்கள். அந்தப் பக்கம் கைக்குத் தெரியும்படி அசைவு இருக்கக்கூடாது. பிறகு ஷாஃப்டை ஒரு பக்கமாக அழுத்திக்கொண்டே சுற்றுங்கள். இறக்கை எங்காவது சுவரைத் தொட்டால் வேண்டாம். இறக்கை நுனிகள் மணலில் தேய்த்ததுபோல மழுங்கியிருந்தால் முந்தைய ஆள் ஃபில்டர் இல்லாமல் ஓட்டியிருக்கிறார் என்று பொருள், அதையும் வாங்காதீர்கள். டர்பைனின் இரும்பு உறையில், பூஸ்ட் அளவு மீறாமல் உபரிப் புகையை வெளியே விடும் வேஸ்ட்கேட் ஓட்டையைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சம் அடித்துப் பாருங்கள். மயிரிழை விரிசல் பலவற்றில் இருக்கும், ஓடும். நகம் மாட்டும் அளவு இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.